உட்கார்ந்திருப்பவருக்கான பேன்ட் – கடிதம்

வணக்கம்.

திருப்பூரில் நாற்பது மெஷின் கொண்ட சிறிய பனியன் யூனிட் நடத்துகிறோம். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கான டிராக் பேன்ட்டைச் சொந்த பிராண்டில் கொண்டுவர ஆசை. இடுப்பில் எலாஸ்டிக், பக்கத்தில் வெல்க்ரோ வைத்து சாம்பிளும் போட்டாயிற்று. அடுத்த மாதம் சக்கர நாற்காலி பயன்படுத்தும் இருவரை அழைத்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, கருத்துக் கேட்டு, போட்டோவும் எடுத்துவிடலாம் என்பது திட்டம். 'எல்லோருக்குமான வடிவமைப்பு' பற்றி எழுதுகிறீர்களே, இது போதுமா? முடிவெடுப்பதிலும் அவர்களைச் சேர்த்தால் வேலை இழுத்துக்கொண்டே போகாதா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

போதாது. சாம்பிள் முடிந்தபின் வருபவர் நிறத்தைப் பற்றியும் பாக்கெட்டைப் பற்றியும்தான் பேச முடியும். தப்பு இருக்கப்போவது பேட்டர்னில், அதாவது துணியை வெட்டும் அச்சில்.

நிற்பவருக்கு வெட்டிய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். பின் இடுப்பு இறங்கும், அடிவயிற்றில் துணி குவியும், பேன்ட்டின் கால் நுனி கணுக்காலுக்கு மேல் ஏறும். நாம் எழுந்தால் சரியாகிவிடும். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு அப்படியேதான் இருக்கும். ஆகவே அளவையே உட்காரவைத்து எடுங்கள். பின் ரைஸில் (கவட்டிலிருந்து இடுப்பு வரையான அளவு) 6 செ.மீ. கூட்டி, முன் ரைஸில் 4 செ.மீ. குறைத்து, கால் நீளத்தில் 4 செ.மீ. சேர்த்து முதல் பேட்டர்னைத் தொடங்கலாம். இதெல்லாம் தொடக்கக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். போலியோவில் ஒரு கால் மெலிந்தவர், முதுகுத்தண்டில் அடிபட்டவர், தசைச்சிதைவு உள்ளவர் மூவரும் உட்காரும் விதம் வேறு. இரண்டு பேரை வைத்துக்கொண்டு இது தெரியவராது; ஐந்தாறு பேராவது வேண்டும்.

அடுத்தது தையல். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முதுகுத்தண்டு அடிபட்ட பலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இருக்காது. பின்பாக்கெட்டோ, தடித்த ஓவர்லாக் ஜாயின்ட்டோ உட்காரும் எலும்புக்கு அடியில் மணிக்கணக்கில் அழுத்தினாலும் அவருக்கு வலிக்காது. வலிக்காததால்தான் அது புண்ணாகிறது. அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் படுக்க நேரலாம். அதனால் பின்பாக்கெட் கூடாது, ரிவெட் எனும் உலோகக் குமிழ் கூடாது, உட்காரும் இடத்தில் இரண்டு தையல் சந்திக்கவே கூடாது. தவிர்க்க முடியாத ஜாயின்ட்டை, தட்டையாகப் படியும் ஃபிளாட்லாக் தையலில் போடுங்கள். லேபிளைத் தைக்காமல் பிரின்ட் செய்துவிடுங்கள். பாக்கெட் தொடை மேல் இருக்கட்டும். முதல்முறை போட்டதும் அரை மணி நேரத்தில் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு தெரிந்து, அது அரை மணி நேரத்துக்குள் மறையாவிட்டால் அந்தப் பேட்டர்ன் தோற்றது. சிவப்பே இல்லையென்றால் மட்டும் மறுமுறை இரண்டு மணி நேரம்.

வெல்க்ரோவின் சொரசொரப்புப் பக்கம் துவைக்கத் துவைக்க நூல்தும்பைச் சேர்த்துக்கொண்டு பிடிப்பை இழக்கும், உங்கள் நிட் துணியையும் பிய்க்கும். காந்தப் பட்டன் யோசனை வந்தால், பேஸ்மேக்கர் வைத்திருப்பவரிடமிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். குழந்தைகள் உடையில் வேண்டவே வேண்டாம்; இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலே துளைபடும். துணியில் உடைந்த ஊசி இருக்கிறதா என்று பார்க்கும் உங்கள் ஊசி டிடெக்டரும் ஒவ்வொரு பீஸுக்கும் கத்தும். நைலான் காயில் ஜிப் நல்லது. அதன் உள்பக்கம் தோலில் படாமல் ஒரு துணிப்பட்டி, இழுக்க ஒரு விரல் நுழையும் வளையம். மூத்திரப்பையைக் காலில் கட்டியிருப்பவருக்கு உள்கால் தையலில் கணுக்காலிலிருந்து மேலே 20 செ.மீ. ஜிப் இருந்தால் பேன்ட்டை அவிழ்க்காமல் காலி செய்யலாம். விரல் மடங்காதவர் பேன்ட்டை இழுத்துக்கொள்ள இடுப்பின் இரு பக்கமும் கட்டைவிரல் மாட்டும் லூப் வேண்டும். உடம்பு எடையே அதில் தொங்கும், பார்டேக் (நெருக்கிப் போடும் பலத் தையல்) இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் பிய்ந்துவிடும்.

இனி முடிவு யாருடையது என்பது. 'கருத்துக் கேட்கிறோம்' என்றால் கேட்டுவிட்டு நம் இஷ்டப்படி செய்வோம் என்றே நடைமுறையில் ஆகிவிடுகிறது. பேட்டர்ன் போடும் முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: தையல் எங்கே, திறப்பு எங்கே, பாக்கெட் எங்கே என்பது அவர்கள் முடிவு, துணி யாரிடம் வாங்குவது, லாட் எத்தனை என்பது உங்கள் முடிவு, விலையும், விலைக்காக எதை விடுவது என்பதும் சேர்ந்து எடுப்பது. அதற்குக் காஸ்ட் ஷீட்டை மேசையில் வைத்தாக வேண்டும். ஃபிட் சாம்பிள் (பொருத்தம் பார்ப்பது), சைஸ் செட் (எல்லா அளவிலும் தைப்பது), பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய கடைசி சாம்பிள்) மூன்றிலும் அவர்கள் கையெழுத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். பெரும்பாலும் கெடுவது பி.பி. சாம்பிளுக்குப் பிறகுதான்: சில ரூபாய் மிச்சம் என்று ஜிப்பின் உள்பட்டியை யாரோ எடுத்துவிடுவார்கள், பேன்ட் உதவாமல் போகும். கையெழுத்து இல்லாமல் எந்த மாற்றமும் கட்டிங்குக்குப் போகக்கூடாது.

அவர்களுக்குள்ளும் ஒத்துப்போகாது. ஒருவர் எலாஸ்டிக் இடுப்பு கேட்பார், ஆபீஸ் போகும் இன்னொருவர் ஆஸ்பத்திரி உடை மாதிரி இருக்கிறது என்பார். தோற்றத்தைப் பெரும்பான்மைக்கு விடலாம். தோல் சம்பந்தப்பட்டதில் ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் நிறுத்திவிட வேண்டும், இதில் எனக்குச் சமரசமே இல்லை.

கட்டிங் மாஸ்டரும், லைனில் தைக்கும் அக்காக்களில் ஒருவரும் அதே மேசையில் உட்காரட்டும். ஜாயின்ட்டை இரண்டு அங்குலம் தள்ளினால் மெஷினில் ஏறுமா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். லூப், உள்பட்டி எல்லாம் கூடுதல் வேலை. பழைய பீஸ் ரேட்டையே கொடுத்தால் பார்டேக்தான் முதலில் விட்டுப்போகும்.

வருகிறவர்களுக்கு நேரத்துக்குக் கூலி கொடுங்கள், ஆட்டோ செலவு தனி. காலைக்கடன் முடிக்கவே பலருக்கு இரண்டு மணி நேரம் ஆகும், கூட்டத்தைப் பதினொரு மணிக்கு மேல் வையுங்கள். வாசலில் இரண்டு படி, 30 செ.மீ. உயரம் என்றால் சரிவுப்பாதை 3.6 மீட்டர் நீளம் வேண்டும். கழிப்பறைக் கதவு 90 செ.மீ. இல்லையென்றால் கூட்டத்தை வேறு இடத்தில் நடத்துங்கள்.

இழுக்குமா என்றால், இழுக்கும். மேத்யூ வால்சர் என்ற பெருமூளை வாதம் உள்ள பதினாறு வயதுப் பையன், கல்லூரிக்குப் போனால் தினமும் தனக்கு ஷூ லேஸ் கட்ட ஆள் தேடக்கூடாது என்று 2012இல் நைக்கிக்கு எழுதினான். வடிவமைப்பாளர் டோபி ஹாட்ஃபீல்ட் அவனோடு சேர்ந்து வேலை செய்து, 2015இல் ஃப்ளைஈஸ் ஷூ வந்தது. மூன்று வருஷம். ஆனால் 2021இல் கையே படாமல் மாட்டும் கோ ஃப்ளைஈஸ் வந்தபோது குறைவாகவே விற்பனைக்கு விட்டார்கள். வாங்கி விற்பவர்கள் அள்ளிக்கொண்டு விலையை ஏற்ற, தேவைப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைக்கவில்லை. எத்தனை, எந்த விலைக்கு, யாருக்கு முதலில் என்பதும் வடிவமைப்பில் சேர்ந்ததுதான். அதனால்தான் விலையைச் சேர்ந்து எடுக்கும் முடிவில் வைத்தேன்.

இப்போது போட்ட சாம்பிளை வீசிவிடாதீர்கள். முதல் கூட்டத்தில் அதைப் போட்டு உட்காரச் சொல்லி, அவர்கள் கையிலேயே டெய்லர் சாக் கொடுங்கள். குவிகிற இடம், இழுக்கிற இடம், கை எட்டாத இடம் எல்லாவற்றிலும் அவர்களே கோடு போடட்டும். கை வராதவருக்கு, அவர் காட்டுகிற இடத்தில் கட்டிங் மாஸ்டர் போடட்டும். போட்டோ எடுப்பதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.