மேடை மானிட்டர் கூவுகிறதா? மெயின் அவுட்டை விட்டு ஆக்ஸுக்கு வாருங்கள்

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கம் மெல்லிசைக் குழு நடத்துகிறோம். மாரியம்மன் நோம்பி, கல்யாண வரவேற்புக் கச்சேரிகள்தான் அதிகம். பாடுகிறவர்கள் தங்கள் குரலைக் கேட்க 12 அங்குல பவர்டு மானிட்டர் (உள்ளேயே ஆம்ப் உள்ள ஸ்பீக்கர் பெட்டி) இரண்டு வாங்கி, மிக்ஸரின் மெயின் அவுட்டிலிருந்து ஒரு கிளை பிரித்துக் கொடுத்திருக்கிறோம். பாடுகிறவர்கள் சத்தம் பத்தவில்லை என்கிறார்கள், கூட்டினால் கூவுகிறது. ஜெனரேட்டரில் ஓடும்போது 'ம்ம்' என்ற இரைச்சல் வேறு. பெட்டியை மாற்ற வேண்டுங்களா?

பதில்: பெட்டியை மாற்ற வேண்டாம். மெயின் அவுட்டில் லைன் எடுத்ததுதான் முதல் கோளாறு. அங்கே வருவது கூட்டத்துக்காகக் கலந்த சத்தம். பேஸ் கிடார், ரிதம் பேடு, எக்கோ எல்லாம் அதில் இருக்கும். பாடுகிறவருக்கு வேண்டியது அவருடைய குரலும், சுருதி பிடிக்கக் கொஞ்சம் கீபோர்டும்தான்.

அதற்குத்தான் மிக்ஸரில் ஆக்ஸ் இருக்கிறது. ஒவ்வொரு சேனலிலிருந்தும் வேண்டிய அளவு சத்தத்தைத் தனியாகக் கலந்து அனுப்பும் வழி அது. 'ப்ரீ' என்று குறித்த ஆக்ஸை எடுங்கள். அது ஃபேடருக்கு (சேனல் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளு குமிழ்) முன்னாலேயே பிரிந்துவிடுவதால், கூட்டத்துக்காக ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் மானிட்டர் அப்படியே நிற்கும். 'போஸ்ட்' ஆக்ஸ் எக்கோவுக்கு. ஆனால் சேனலின் தொடக்கத்தில் உள்ள கெயின் குமிழைத் தொட்டால் கூட்டத்துச் சத்தம், மானிட்டர் இரண்டும் மாறும். சவுண்ட் செக்கில் வைத்ததோடு அதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது வயர். ஆக்ஸ் அவுட் பெரும்பாலும் கால் அங்குல சாக்கெட்தான். அதில் மோனோ பி-38 பின்னைச் செருகி மேடை முழுக்க இழுப்பது நம் பக்கம் வழக்கம். மிக்ஸரின் ஆக்ஸ் அவுட் பேலன்ஸ்டு (சிக்னலுக்கு இரண்டு கம்பி, தனியே ஷீல்டு உள்ள வகை) என்றால் அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு கம்பியும் ஷீல்டும் உள்ள மைக் கேபிளை வாங்கி, ஒரு முனையில் ஸ்டீரியோ பின், மறுமுனையில் எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் உள்ள மைக் பின்) ஆண் பின் வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். ஷீல்டு எக்ஸ்எல்ஆரின் 1-ஆம் முள்ளுக்கு, ஸ்டீரியோ பின்னின் நுனி 2-க்கு, நடு வளையம் 3-க்கு. வழியில் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும் இரைச்சலை மானிட்டரே கழித்துவிடும். 30 மீட்டர் இழுத்தாலும் கவலையில்லை.

முதல் மானிட்டரின் 'லிங்க்' அல்லது 'த்ரூ'விலிருந்து இரண்டாவதுக்குப் போகலாம். இரண்டு ப்ரீ ஆக்ஸ் இருந்தால் ஆளுக்கு ஒன்று கொடுப்பது இன்னும் நல்லது. பின்பக்க ஸ்விட்ச் 'மைக்'கில் இல்லாமல் 'லைன்'இல் இருக்கட்டும். தனி ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் அவுட்டை மட்டும் இதில் செருகிவிடாதீர்கள். உள்ளேயே ஆம்ப் இருக்கிற பெட்டி இது, இன்புட் போர்டு போய்விடும். மைக் செட்காரர் நீட்டுகிற வயரின் மறுமுனை எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

இனி கூவல். பாதிப் பேர் இதை ஈக்வலைசரில் (சத்தத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து ஏற்றி இறக்கும் கருவி) தீர்க்கப் பார்க்கிறார்கள். பெட்டி வைத்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும்) மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் காது மந்தம். எனவே மானிட்டர் பாடகருக்கு நேர் எதிரே, மைக்கின் வால் காட்டும் திசையில் இருக்கட்டும். பீட்டா 58ஏ போன்ற, பிடிப்பு இன்னும் குறுகிய சூப்பர் கார்டியாய்டு என்றால், மைக்கின் முன்பக்கத்திலிருந்து சுமார் 125 டிகிரியில்தான் மந்தம். அதற்கு மானிட்டரைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்துங்கள். பெட்டியின் ஹார்ன் (கீச்சுச் சத்தம் வரும் வாய்) முட்டியைப் பார்த்தால் பயனில்லை, முகத்தைப் பார்க்க வேண்டும். அடியில் கட்டை கொடுத்துச் சாய்க்கலாம். தூரத்தைப் பாதியாக்கினால் திறந்த வெளியில் 6 டெசிபல் வரை கூடும். குமிழைத் திருகுவதற்கு முன் பெட்டியை முன்னே இழுங்கள்.

மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பாடகர்களிடம் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பின்பக்கத் துளைகளை மூடியதும் மைக் நாலாபக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும், எந்த ஈக்வலைசரும் காப்பாற்றாது. மானிட்டரிலும் எக்கோ வேண்டும் என்பார்கள். கொடுத்தால் சீக்கிரம் கூவும், நான் கொடுக்க மாட்டேன்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஈக்வலைசர். குரல் சேனல்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, ஆக்ஸை மெதுவாக ஏற்றுங்கள். முதலில் கூவும் பட்டையை மட்டும் 3 முதல் 6 டெசிபல் குறையுங்கள். மீண்டும் ஏற்றி, அடுத்ததை. மூன்று நான்கு பட்டைக்கு மேல் வெட்டினால் குரல் செத்துவிடும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் பெட்டியை மறுபடி நகர்த்திப் பார்ப்பதே மேல்.

ஜெனரேட்டர் இரைச்சலுக்குப் பெரும்பாலும் மோனோ வயர் ஒரு காரணம், மிக்ஸருக்கு ஓரிடத்திலும் மானிட்டருக்கு வேறிடத்திலும் கரண்ட் எடுப்பது இன்னொரு காரணம். இரண்டையும் ஒரே பாயிண்டிலிருந்து, எர்த் உள்ள போர்டு வழியாக எடுங்கள். சீரியல் செட், ஃபோகஸ் லைட்டெல்லாம் வேறு லைனில் போகட்டும். அப்புறமும் இரைச்சல் போகாவிட்டால் சிக்னல் வயரில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (நேரடி மின் தொடர்பை அறுத்து ஒலியை மட்டும் கடத்துவது) போடலாம். எர்த் பின்னைப் பிடுங்கினால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நிற்கலாம், ஆனால் ஈரத் தரையில் இரும்பு மைக்கைப் பிடித்துப் பாடுகிறவர் உயிர் போகும்.

ஸ்விட்ச் போடும்போது மிக்ஸர் முதலில், மானிட்டர் கடைசியில். நிறுத்தும்போது மானிட்டர் முதலில். கடைசிப் பாட்டு முடிந்த கையோடு ஜெனரேட்டரை அமத்தும் ஆட்கள் உண்டு, மானிட்டரை நிறுத்தும் வரை பொறுக்கும்படி அவர்களிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள்.