கூடத்துக்குள் பவளப்பாறை: வாசகர் கேள்வி பதில்

நன்னீர் மீன் வளர்ப்பைப் பற்றி எழுதிய போன மாதப் பகுதியில், கடல்நீர்த் தொட்டியையும் வீட்டில் வைக்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்தே ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. கடற்கரையே இல்லாத ஊரில் இத்தனை பேருக்குப் பவளத்தின் மேல் ஆசை இருப்பது வியப்புதான். அவற்றுள் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஐயா, நான் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். வெல்டிங்கும் தச்சு வேலையும் ஓரளவு தெரியும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் கூடத்தில் மூன்றடி நீளத் தொட்டியை நானே கட்டிப் பவளம் வளர்க்க நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

எடையிலிருந்து தொடங்குங்கள், தம்பி. 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி 182 லிட்டர் கொள்ளும். அதை 10 மி.மீ. கண்ணாடியில் கட்டினால் கண்ணாடி மட்டுமே 40 கிலோ வரும். நீர், கல், மணல், கீழே வைக்கும் இரண்டாவது தொட்டி, தாங்கி எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 350 கிலோ ஒரே இடத்தில் நிற்கும். தாமான் வீட்டின் சிமெண்டுத் தரை இதைத் தாங்கும். பழைய தோட்டத்து வீடுகளின் பலகைத் தரையாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். தாங்கியை இரும்பில் செய்தால் பற்றவைத்த இடங்கள் உட்பட எல்லாப் பக்கமும் எப்பாக்சி பெயிண்ட் இருமுறை பூசுங்கள், ஏனெனில் உப்புநீர் தெறித்த இரும்பு விரைவில் துருவேறிவிடும். தாங்கியின் மேற்பரப்பை ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் சரிபார்த்த பின்னரே தொட்டியை ஏற்றவேண்டும்.

ஒட்டுவதற்கு மீன் தொட்டிக்கென விற்கும் சிலிக்கானையே வாங்குங்கள். பூஞ்சணம் பிடிக்காது என்று எழுதியிருக்கும் குளியலறை சிலிக்கானில் பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து கலந்திருக்கிறது. அது நீரில் கசிந்து தொட்டியில் உள்ள உயிர்களையும் கொல்லும். ஒட்டிய பிறகு ஒரு வாரம் காயவிட்டு, வீட்டு முன் வாசலில் வைத்துக் குழாய் நீரை நிரப்பி மூன்று நாள் பாருங்கள். கசிவு என்று ஒன்று இருந்தால் அது கூடத்தில் தெரியவருவதைவிட வாசலில் தெரியவருவது நல்லது. வடிகுழாய்க்குத் துளை போடவேண்டிய கண்ணாடி, சூடாக்கிக் கடினமாக்கும் டெம்பர் முறை செய்யப்படாததாக இருக்கவேண்டும். டெம்பர் செய்த கண்ணாடியில் துளையிட்டால் அது முழுவதும் நொறுங்கிவிடும்.

இனி, பலரும் தவறு செய்யும் இடத்துக்கு வருகிறேன். மேல்தொட்டியின் நீர் துளை வழியாக வழிந்து, கடைக்காரர்கள் சம்ப் என்று சொல்லும் கீழ்த்தொட்டிக்கு வந்து, அங்கே சுத்தமாகி, பம்பின் மூலம் மீண்டும் மேலே ஏறுகிறது. மின்சாரம் நின்றால் பம்பு நிற்கும். ஆனால் மேலேற்றும் குழாயின் வாய் நீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு நீரும் அந்தக் குழாய் வழியாகவே கீழே இறங்கிவிடும். உங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நான்கு லிட்டர் நீர் இருக்கிறது. குழாயின் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 20 லிட்டர் இறங்கும். ஆகவே 60 × 40 × 40 செ.மீ. அளவில் சம்ப் வைத்து, அதில் 22 செ.மீ.க்கு மேல் நீர் நிற்காதபடி ஓட்டினால், இறங்கிவரும் நீருக்கு இடம் இருக்கும். எல்லாம் கட்டி முடித்ததும் பம்பை நீங்களே பத்து முறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மாலை இடிமழையில் மின்தடை வரும் ஊர் நம்முடையது. நீங்கள் ஆலையில் இருக்கும்போதுதான் அது வரும். மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மின்கம்பியும் பிளக்குக்கு ஏறுமுன் கீழே தொங்கி வளைந்து செல்லவேண்டும். அப்போதுதான் கம்பியில் வழியும் நீர் பிளக்குக்குள் போகாது. தொட்டிக்கான இணைப்பில் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லையென்றால், கடல்நீரில் கைவைக்குமுன் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

கல்லும் உப்புநீரும் சேர்ந்ததும் உடனே மீன் வாங்க ஓடவேண்டாம். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஒரு துளி அம்மோனியாவோ ஒரு துண்டு இறாலோ போட்டு அவற்றுக்கு உணவு கொடுத்து, வாரம் இருமுறை சோதித்து வாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்த பிறகு, வளர்ப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் ஒரு சோடி போதும். அது ஒளிந்து வாழும் கடல் சாமந்தி என்ற உயிரி கட்டாயம் தேவை என்பது உண்மையில்லை. நீல நிறத்தில் அழகாக இருக்கும் டாங் மீனை மூன்றடித் தொட்டிக்கு எந்தக் கடைக்காரர் விற்றாலும் வாங்காதீர்கள். அது நீந்த இந்த இடம் போதாது. பவளங்களில், கல் போன்ற எலும்புக்கூடு இல்லாத மென்பவளங்களான காளான் பவளமும் தோல் பவளமும் முதல் ஆண்டுக்குப் பொருத்தமானவை.

எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து விழும் மழைநீரை டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறோம். அதில் உப்பைக் கலக்கலாமா? அல்லது லுமூட்டுக்குப் போய்க் கடல்நீரையே எடுத்து வரலாமா?

முதல் யோசனையை நானே செய்து பார்த்து நட்டப்பட்டவன், அம்மா. என் முதல் தொட்டிக்குத் துத்தநாகத் தகட்டுக் கூரையின் மழைநீரைத்தான் ஊற்றினேன். மீன்கள் பிழைத்தன, இறால்கள் இரண்டே நாளில் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. மழைநீர் தூய்மையானதுதான், அது தகட்டைக் கழுவிக்கொண்டு வருவதுதான் சிக்கல். துத்தநாகமும் செம்பும் மிகச் சிறிய அளவிலும் இறாலையும் பவளத்தையும் கொல்லும். இதே காரணத்தால்தான் பித்தளைக் குழாய், பித்தளை வாளி எதுவும் இந்த நீரில் படக்கூடாது. செம்பு கலந்த மீன் மருந்தையும் இந்தத் தொட்டியில் ஊற்றக்கூடாது.

லுமூட் அழகான ஊர், ஆனால் அது டிண்டிங் ஆற்று முகத்தில் இருக்கிறது. ஆற்றுநீர் கலந்து உப்பு குறைவதோடு, படகுகளின் எண்ணெயும் சேற்றின் கலங்கலும் அங்கே உண்டு. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடல்நீரையும், நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உயிருள்ள பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு பவளம் வளர்க்கும் முறையை 1961இல் எழுதினார். இன்றைய பாறைத் தொட்டிகள் பலவும் அந்த முறையின் வழி வந்தவைதாம். ஆனால் அவருக்குத் தெளிவான கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நமக்கு இல்லை.

குழாய் நீரை ஆர்.ஓ. வடிகட்டியிலும் அதன் பின் அயனி நீக்கும் பிசின் குடுவையிலும் செலுத்தி, கரைந்த பொருள்களை அளக்கும் கருவி சுழியம் காட்டும் நீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பவளத் தொட்டிக்கான உப்பை லிட்டருக்கு ஏறத்தாழ 36 கிராம் கலந்தால் ஆயிரத்துக்கு 35 என்ற கடலின் உப்பளவு வரும். சம்ப்பையும் சேர்த்து 220 லிட்டர் உள்ள அமைப்புக்கு முதல்முறை எட்டு கிலோ உப்பு தேவைப்படும். வாரம் பத்து விழுக்காடு நீரை மாற்றினால் ஒவ்வொரு முறையும் 800 கிராம். சமையல் உப்பு இதற்கு மாற்றாகாது. பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அதில் இல்லை. உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். நாக்கில் தொட்டுப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

கடையில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் முடியாது என்கிறார்கள். மின்கட்டணத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. காற்றாடி போதாதா?

கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நம் வீடுகளில் பிற்பகலில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பவளத்தின் சதைக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தயாரித்துத் தரும் பாசிகள் நீண்ட வெப்பத்தைத் தாங்காமல் வெளியேற்றப்படுகின்றன. பவளம் வெளுத்துப் போகிறது. 2010இல் கடல் சூடேறியபோது தியோமான், ரெடாங் தீவுகளில் பவளங்கள் வெளுத்ததும், சில முக்குளிக்கும் இடங்களை அரசு சில மாதங்களுக்கு மூடியதும் பலருக்கு நினைவிருக்கும். கடலுக்கே அந்த நிலை என்றால் 200 லிட்டர் நீர் எம்மாத்திரம்?

ஆனால் காற்றாடியை ஏளனமாகப் பார்க்கவேண்டாம். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது அது எடுத்துச்செல்லும் வெப்பம், 220 லிட்டர் நீரை இரண்டரை டிகிரி குளிர்விக்கப் போதுமானது. அறையிலிருந்து வெப்பம் மறுபடி உள்ளே வந்துகொண்டே இருப்பதால் கணக்குப்படி முழுதாகக் கிடைக்காது. இருந்தும் உலர்ந்த நாளில் இரண்டு மூன்று டிகிரி இறக்கிவிடலாம். காற்று ஈரமாக இருக்கும் மழைநாளில் காற்றாடி சோர்ந்துவிடும். மேலும், ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. நாளொன்றுக்கு நான்கு லிட்டர் குறைந்தால் 35ஆக இருந்த உப்பளவு 35.6க்கு ஏறும், நான்கு நாள் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். குறைந்த அளவுக்கு உப்பில்லாத தூய நீரைத்தான் ஊற்றவேண்டும். மிதவை வைத்துத் தானாக நிரப்பும் கருவி இருந்தால் நல்லது.

என் கருத்து இதுதான். மென்பவளங்கள் மட்டும் வைப்பதாக இருந்தால், தொட்டியைச் சூரிய ஒளி படாத உள்சுவரோரம் வைத்து, விளக்கை மாலை நான்கு மணிக்குப் போட்டு இரவு அணைத்து, காற்றாடியுடன் 28 டிகிரிக்குள் நிறுத்தப் பாருங்கள். கிளை விரிக்கும் கல்பவளம் வேண்டுமென்றால் சில்லர் வாங்கத்தான் வேண்டும். 200 வாட் சில்லர் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மாதம் 72 யூனிட் ஆகும். வாங்குவதானால் அதைக் கூடத்தின் மூலையில் அலமாரிக்குள் அடைக்காதீர்கள்; அது வெளியேற்றும் சூடு அறைக்குள்ளேயே சுற்றி மறுபடி தொட்டிக்கே வரும்.

என் மகன் பெர்ஹெந்தியான் தீவுக்குச் சுற்றுலா போகிறான். அங்கிருந்து கொஞ்சம் பவளக்கல் எடுத்து வந்து, கொதிக்க வைத்துச் சுத்தம் செய்து போடலாமா?

இரண்டுமே கூடாது. பெர்ஹெந்தியானைச் சுற்றியுள்ள கடல், 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட கடல் பூங்கா. அங்கே அனுமதியில்லாமல் பவளம் எடுப்பது குற்றம். கல்பவளங்களும் பெருஞ்சிப்பிகளும் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. எனவே கடையில் வாங்கும்போதும், ஏற்கெனவே தொட்டியில் வளர்ந்த பவளத்திலிருந்து வெட்டிய சிறு துண்டுகளைக் கேட்டு வாங்குவதே முறை.

கொதிக்க வைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. பொத்தான் பவளங்கள் எனப்படும் சோவாந்திட்களில் சில பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சைக் கொண்டவை. அவை ஒட்டியிருக்கும் கல்லைக் கொதிக்க வைத்தால் அந்த நஞ்சு ஆவியோடு காற்றில் கலந்து, மூச்சு வழியாக வீட்டிலுள்ள எல்லோரையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். வெளிநாடுகளில் இப்படிக் குடும்பங்கள் பாதிக்கப்பட்டிருக்கின்றன. கடையில் வாங்கிய கல்லையும் கொதிக்க வைக்காதீர்கள். பொத்தான் பவளத்தைத் தொடுவதென்றால் கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள்.

டெங்கிக்காக எங்கள் வரிசையில் புகை அடிக்க வருகிறார்கள். தொட்டியை என்ன செய்வது?

புகை அடிக்கும் மருந்து பூச்சிகளைக் கொல்வது. இறாலும் நண்டும் பூச்சிகளுக்கு நெருங்கிய உறவினர்கள், மீனுக்கும் அது ஆகாது. வண்டி வருவதற்கு முன் காற்றுப் பம்பையும் நீரில் காற்றைக் குமிழவிட்டுக் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் நிறுத்துங்கள், இவை இரண்டும் அறைக் காற்றை நேரே நீருக்குள் இழுப்பவை. நீரைச் சுழற்றும் பம்பு ஓடட்டும். தொட்டியையும் சம்ப்பையும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி ஓரங்களை ஒட்டுங்கள். புகை அடங்கிக் கதவுகளைத் திறந்து காற்றோட்டம் வந்த பிறகு விரிப்பை எடுத்து, சம்ப்பில் மீன் தொட்டிக்கென விற்கும் கிளர்வூட்டிய கரிப் பை புதிதாக ஒன்றைப் போடுங்கள். தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்துவிட்டு வருபவர்கள் குளித்த பின்னரே தொட்டியில் கைவைக்கவேண்டும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஸ்கிம்மரின் காற்றுக்குழாய்க்கு அருகில் தூபக்காலை வைக்காமல் இருந்தால் போதும்.

பாட்டியின் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினால் பவளம் வளரும் என்று நண்பர் சொன்னார். கேலி செய்கிறாரா?

கேலி இல்லை. பவளம் தன் எலும்பைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. தொட்டி வளர்ப்பவர்கள் கால்க் என்று சொல்லும் சுண்ணாம்பு நீரும் நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்ததுதான். ஒரு லிட்டர் தூய நீரில் ஒன்றரை கிராம் அளவுக்குத்தான் அது கரையும். கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும், ஆவியாகிக் குறைந்த நீருக்குப் பதிலாக இரவில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். இரவில்தான் நீரின் காரத்தன்மை (pH) இயல்பாகவே இறங்குகிறது. சுண்ணாம்பு நீர் அதைத் தூக்கிப் பிடிக்கும். ஒரே மூச்சில் ஊற்றினால் தொட்டி பால் போல் வெளுத்து, உயிர்கள் அழியும். பாத்திரத்தை மூடி வையுங்கள். சுண்ணாம்பு டப்பாவின் மேல் ஏடு படிவதைப் போல, காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு இதுவும் வீணாகும்.

மென்பவளங்கள் மட்டும் உள்ள தொட்டிக்கு இது தேவையே இல்லை, வாராந்திர நீர்மாற்றமே போதும். கல்பவளம் வைத்து, சோதனையில் கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் கீழும் காரப்பிடிப்பு (நீர் அமிலமாவதைத் தடுக்கும் திறன்) 8 dKH டிகிரிக்குக் கீழும் இறங்குவதைக் கண்ட பின்னரே தொடங்குங்கள். அதற்கும் உணவுத் தரமுள்ள தூய நீற்றுச் சுண்ணாம்புத் தூளையே வாங்குங்கள். வெற்றிலைக்கு விற்கும் சுண்ணாம்பில் நிறமோ வாசனையோ சேர்த்திருக்கக்கூடும். அந்த டப்பாவைப் பாட்டியிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.