ஹீத்ரோவிலிருந்து கேட்விக்: நாலரை மணி நேரம் போதுமா?

அம்மா மதியம் 2 மணிக்கு லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி, மாலை 6.30-க்கு அங்கேயுள்ள இன்னொரு விமான நிலையமான கேட்விக்கில் வேறு டிக்கெட்டில் ஏற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன்.

வரைபடத்தில் நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் லண்டனைச் சுற்றியுள்ள எம்25 நெடுஞ்சாலை வழியாகப் போகும்போது 65-க்கு மேல் வரும். நேரடி பஸ் ஒன்றே கால் மணியில் போய்விடும், சாலை ஒத்துழைத்தால். வெள்ளிக்கிழமை மாலை அத்தையுடன் போனேன்; கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு விளக்குகள். பாஸ்போர்ட்டைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, "இன்னும் எவ்வளவு நேரம்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிய 3.30 ஆகலாம். கேட்விக்கில் பயணிகளிடம் செக்-இன் பெட்டிகளை வாங்குவதைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுவார்கள், அதாவது 5.30. மிச்சம் இரண்டே மணி நேரம். ரயிலில், லண்டனுக்குள் இருக்கும் ஃபாரிங்டன் நிலையத்தில் மாறிப் போகலாம், ஆனால் பெட்டிகளோடு வயதானவருக்குச் சிரமம்.

அப்புறம் விசா. அம்மாவிடம் இந்திய பாஸ்போர்ட் என்றீர்களே, விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவோருக்கான ட்ரான்சிட் விசா இதற்குச் செல்லாது. எல்லையைத் தாண்டி வெளியே வர அனுமதி வேண்டும். முதலில் அதைப் பாருங்கள். முடிந்தால் இரண்டாவது டிக்கெட்டை மறுநாள் காலைக்கு மாற்றிவிடுங்கள்.