கடந்த ஒரு வருடத்தில் வாழ்க்கை உங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது?

பொறுமை, தன்னம்பிக்கை என்று பெரிய சொற்களில் பதில் எழுத எனக்கு வராது. 2025இல் எனக்கு வேலை போனது. அப்போது நான் கற்றதைச் சொல்கிறேன். காசு விஷயத்தில் சட்டம் ஓரளவு துணைக்கு நின்றது. என் நேரத்துக்கு அப்படி யாரும் துணை நிற்கவில்லை, அதை நானேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். எதிரே தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் கம்பெனியில் கியூசி (தரப் பரிசோதனை) வேலை. பகல் ஷிப்ட் என்றால் விடியுமுன்னே பேக்டரி பஸ் ஏறி பாலத்தைத் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்பி வரும் வாழ்க்கை. சீனப் புத்தாண்டு லீவு முடிந்து வேலைக்குப் போனால் கையில் ஆட்குறைப்புக் கடிதம் கொடுத்தார்கள். எங்கள் லைனையே மூடிவிட்டார்கள். நோட்டீஸ் காலச் சம்பளத்தையும் சேர்த்துத் தருகிறோம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

முதலில் காசு. இது யாருக்காவது உதவும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். ஆட்குறைப்பு என்றால் கம்பெனி மனசு வைத்துக் கொடுப்பதுதான் நஷ்டஈடு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம் தர வேண்டும். இரண்டிலிருந்து ஐந்து வருடம் என்றால் 15 நாள், ஒரு வருடம் முடிந்து இரண்டு ஆகவில்லை என்றால் 10 நாள். அதாவது பத்து வருடம் வேலை செய்தவருக்கு 200 நாள் சம்பளம். மாதம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு தானாகப் பொருந்தாது, அவர்கள் தங்கள் வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். 2018இல் வந்த வேலை காப்புறுதித் திட்டத்துக்கு நம் சம்பளத்தில் 0.2 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். சம்பளச் சீட்டில் அந்தச் சின்னத் தொகையை நான் ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. நான் விண்ணப்பித்த நேரத்தில் இருந்த கணக்குப்படி, காப்புறுதி செய்த சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30 என்று கொடுத்தார்கள். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேலை தேடிக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு ஆதாரமும் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நாமாக ராஜினாமா செய்தால் இந்தக் காசு கிடையாது. வேறொரு கம்பெனியில் இருந்த என் தோழியிடம், "ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த இடத்தில் உங்கள் பெயர் நன்றாக இருக்கும்" என்று இனிக்க இனிக்கப் பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, நீட்டிய தாளில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பாருங்கள். புரியவில்லையா, தொழிலாளர் இலாகாவில் போய்க் கேளுங்கள்.

மொத்தமாகக் காசு வந்தது தெரிந்தவுடன் கடன் கேட்டு இருவர் வந்தார்கள், மாதம் இத்தனை விழுக்காடு லாபம் என்று திட்டத்தோடு ஒருவர் வந்தார். மூவருக்கும் ஒரே பதில்தான்: "நிரந்தர வைப்பில் போட்டாச்சு, எடுக்க முடியாது." உண்மையிலேயே போட்டுவிட்டேன். ஊழியர் சேமநிதியில் (இபிஎஃப்) நினைத்தால் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு 2024 மே மாதம் வந்ததிலிருந்து எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் அதைக் காலி செய்துவிட்டார்கள். நான் தொடவில்லை. 2025 மார்ச்சில் 6.30 விழுக்காடு லாப ஈவு அறிவித்தபோது, தொடாமல் விட்டதற்காக எனக்கு நானே ஒரு தே தாரிக் டீ வாங்கிக்கொண்டேன்.

சரி, காசு இவ்வளவுதான். எனக்குப் பெரிய பாடம் நேரத்தில்தான் இருந்தது.

வேலை போன செய்தி பரவியதும் ஆறுதல் சொல்லத்தான் போன் வரும் என்று நினைத்தேன். ஆறுதலும் வந்தது, அதற்குப் பின்னாலேயே வேலையும் வந்தது. "அண்ணி, நீங்க வீட்லதானே இருக்கீங்க, பிள்ளைய ஸ்கூல்ல இருந்து எடுத்துடுங்க லா" என்றாள் நாத்தனார். சின்னம்மாவுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க வேண்டும், அழைத்துப் போக ஆள் வேண்டும். கோயிலில் விசேஷம் என்றால் காய் நறுக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பொட்டலம் வந்தால் வாங்கி வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் சின்ன வேலைதான், மறுத்தால் நாம்தான் கெட்டவர். ஆனால் எல்லாம் சேர்ந்தபோது, பேக்டரியில் நின்ற நேரத்தைவிட அதிக நேரம் ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயாவது ஓடி (ஓவர்டைம்) போட்டால் ஒன்றரை மடங்கு கிடைக்கும்.

ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்கக் கட்டணம் 5 வெள்ளிதான். காலையில் எண் எடுத்து, ரத்தம் கொடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்துக்கு மறுபடி எண் எடுத்து வெளியே வரும்போது மதியம் தாண்டியிருக்கும். சின்னம்மா மேல் எனக்குப் பாசம் உண்டு, அவரோடு அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து பேசிய நேரம் நல்ல நேரம்தான். கோபம் வேறு இடத்தில். வேலை தேடுவதும் ஒரு வேலை என்பது யாருக்கும் தெரியவில்லை. என் கணவர் லோரி ஓட்டுகிறார். அவருக்கு ஒரு வாரம் லோடு இல்லாமல் வீட்டில் இருந்தாலும் யாரும் அவரைக் காய் நறுக்கக் கூப்பிடுவதில்லை. "அவரு ரெஸ்ட் எடுக்கட்டும்" என்பார்கள். வீட்டில் இருக்கும் ஆணுக்கு ஓய்வு, வீட்டில் இருக்கும் பெண்ணுக்குக் காலி நேரம். எங்கள் குடும்பத்தில் மட்டும்தான் இப்படியா என்று படிக்கும் அக்கா தங்கைகள் சொல்லுங்கள்.

கடைசியில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். திங்களிலிருந்து வெள்ளி வரை காலை முழுக்க வேலை தேடுவேன், கணினி வகுப்புக்குப் போவேன், அந்த நேரத்தில் போன் எடுக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை மட்டும் சின்னம்மாவுக்கு. பிள்ளையை வாரத்தில் இரண்டு நாள் நான் எடுக்கிறேன், மீதி நாளுக்கு நீங்கள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அனுப்பும் முன் கணவரிடம் காட்டினேன். "கொஞ்சம் காரமா இருக்கே" என்றார். காரமாகவே அனுப்பினேன்.

நாத்தனார் இன்னும் முன்போல் பேசுவதில்லை. பரவாயில்லை. சின்னம்மா மட்டும் தனியாகப் போன் செய்து, "செவ்வாய்க்கிழமை வேணாம்னாலும் சொல்லு, நான் கிராப் டாக்சில போய்க்குவேன்" என்றார். யார் யாருடைய நேரத்தை மதிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்த ஒரு செய்தி போதுமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை போனதை மறைக்க வேண்டாம். கடிதம் கிடைத்த அடுத்த சில நாளில் தைப்பூசம் வந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் நாங்கள் வழக்கமாக உதவும் தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டே, கேட்டவர்களிடமெல்லாம் வேலை போய்விட்டது, கியூசி வேலை இருந்தால் சொல்லுங்கள் என்றேன். என் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. கோயில் வாசலில் சொல்கிற விஷயமா இது என்றார். பக்கத்தில் கப் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மாதங்கள் கழித்து அவர்தான் போன் செய்து, பட்டர்வொர்த்துக்குப் பக்கத்து ஊரான பிறையில் தன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்றார். இணையத்தில் அனுப்பிய விண்ணப்பங்களில் பாதிக்குப் பதிலே வரவில்லை.

உடம்பைப் பற்றியும் கொஞ்சம் கற்றேன். நைட் ஷிப்ட் நின்றதும் தலைவலி நின்றது. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பிறையில் சம்பளம் பழையதைவிடக் குறைவு, கம்பெனியும் சிறியது, ஆனால் பகல் ஷிப்ட் மட்டும். நேர்முகத் தேர்வில் சனிக்கிழமை ஓடி பற்றிக் கேட்டேன். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போதும் என்றார்கள். அதைக் கடிதத்தில் எழுதித் தரச் சொன்னேன், எழுதித் தந்தார்கள்.

நான் மறுபடி வேலைக்குப் போகிறேன் என்றதும், ஐயோ, சின்னம்மாவை இனி யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என்று குழுவில் ஒரே கவலை. இப்போது அவருடைய மகன்தான் அழைத்துப் போகிறார். ஷிப்ட் மாற்றித் தரச் சொல்லி அவருடைய கம்பெனியில் கேட்டாராம், அந்த வாரமே மாற்றிக் கொடுத்துவிட்டார்களாம்.