மனசு வந்தபிறகு எழுதலாம் என்று இருப்பவளுக்கு

அன்புள்ள அக்கா,

நான் வந்தாறுமூலைக் கம்பஸில் முகாமைத்துவம் படிக்கிறேன், இரண்டாம் வருடம். உயர்தரத்துக்கு விடிய நாலு மணிக்கு எழும்பிப் படித்தவள். இப்போது ஒரு அசைன்மென்டை மூன்று கிழமையாகத் தொடவில்லை. சிறுகடைகளில் கடனுக்கு விற்பது பற்றி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அம்மா கடை வைத்துத்தான் என்னைப் படிப்பிக்கிறா. அதை நினைத்தால் நித்திரையும் வருவதில்லை. நேர அட்டவணை போட்டேன், போனில் பேஸ்புக்கை அழித்தேன், ஊக்கப் பேச்சு வீடியோக்கள் பார்த்தேன். கொப்பியைத் திறந்ததும் எல்லா உற்சாகமும் போய்விடுகிறது. நான் சோம்பேறியாகிவிட்டேனா? என்னை நானே ஊக்கப்படுத்துவது எப்படி? மெடிக்கல் கொடுத்துத் தவணை கேட்கலாமா?

ஒரு மாணவி

அன்புத் தங்கச்சி,

சோம்பேறி என்று இனி உங்களைப் பற்றி எழுதாதீங்க. எனக்குக் கோபம் வருகிறது. செய்யாத வேலையை நினைத்துச் சோம்பேறிக்கு நித்திரை கெடாது.

அட்டவணை, பேஸ்புக் எல்லாம் சின்ன விஷயம், விடுங்க. வீடியோ பார்ப்பதை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்க. வேலையைத் தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாததால் வருவதல்ல, அந்த வேலை கிளப்பும் பயத்திலிருந்தும் சலிப்பிலிருந்தும் கொஞ்ச நேரம் தப்பப் பார்ப்பதுதான் என்று ஃபியூஷா சிருவா, திமோதி பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013இல் எழுதினார்கள். வீடியோ பார்ப்பதும் அப்படித் தப்பப் பார்ப்பதுதான். படித்துவிட்ட மாதிரி ஒரு ஆறுதலைத் தந்துவிட்டுப் போய்விடும்.

சரி, உங்களுக்கு என்ன பயம்? நாலு மணிக்கு எழும்பி யாருடைய வசனத்தைப் படித்தீங்க? ரியூசன் சேர் அச்சடித்துத் தந்த குறிப்பை, அந்த ரியூட்டை. பழைய பேப்பரையும் அதற்குரிய புள்ளித்திட்டத்தையும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் தொடங்கி கம்பஸுக்கு எடுபடும் இசட் புள்ளி வரும்வரைக்கும், இந்த மாவட்டத்தில் ஒரு பிள்ளையிடமும் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று நாங்கள் கேட்பதில்லை. சரியான விடை எங்கேயோ அச்சடித்து இருக்கிறது, அதை மனனம் செய்தால் போதும் என்று வருடக்கணக்காகப் பழக்குகிறோம். பிறகு கம்பஸில் கொண்டுபோய் விட்டு, உன் கருத்தை எழுது, அதுவும் ஆங்கிலத்தில் எழுது என்கிறோம். பிள்ளை பயப்படாமல் என்ன செய்யும்? ரியூட் இல்லாத வெறும் தாளுக்கு முன்னால் நீங்கள் இப்போதுதான் முதன்முறையாக உட்காருகிறீங்க. இதை நான் பெற்றோர் கூட்டங்களில் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். பிள்ளைக்கு இன்னும் ஒரு வகுப்புக் கூட்டவா என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள்.

என்னோடு ஹொஸ்டலில் ஒருத்தி இருந்தாள், விவசாய பீடம். இரண்டு பேருக்கும் மண்டூர்ப் பக்கம். குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்துதான் ஊருக்குப் போவோம். அவளுக்கு உவர்நிலம் பற்றி ஒரு கட்டுரை. தலைப்புக்குக் கீழே ஒரு எழுத்து இல்லை. பாதைக்குக் காத்து நின்றபோது, "உங்கட வயல் வட்டையில உவர் இருக்காகா?" என்று கேட்டேன்.

"இருக்காவா? வாவியோரத்து வயலெல்லாம் கோடைக்கு வெள்ளை பூத்துக் கிடக்கும்கா. மாரி மழை நல்லாப் பெஞ்சு, தண்ணியக் கட்டிக் கட்டி வடிய விட்டாத்தான் உவர் இறங்கும். மழை பிந்திச்சோ, முளைச்சதெல்லாம் கருகிப்போயிரும்."

அக்கரை சேரும்வரை அவள் வாய் ஓயவில்லை. சொன்னதைச் சொன்னபடி தமிழில் எழுதினேன். உப்பு மேலே ஏறுவது, நல்ல தண்ணீரில் கழுவுப்படுவது, இளம்பயிர் தாங்காதது எல்லாம் அதில் இருந்தன. அவளுடைய ஆங்கிலப் புத்தகம் சொன்னதும் அதைத்தான். திங்கட்கிழமை லைப்ரரியில் இருந்து ஆங்கிலச் சொற்களைத் தேடிப் போட்டாள். இரண்டாவது பக்கத்தில்தான் அவளுக்கு மனசே வந்தது. நீங்கள் அது முதலில் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீங்க. எழுதத் தொடங்காதவளுக்கு அது வராது, தங்கச்சி.

கடன் கொப்பியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கடன் விற்பனை பற்றி எழுத ஒன்றும் இல்லையா? இன்று இரவு அம்மாவுக்குக் கோல் எடுங்க. யார் யார் இன்னும் காசு தரவில்லை, அப்படி இருந்தும் ஏன் அரிசி கொடுக்கிறா, யாருக்கு இனிக் கொடுக்கமாட்டா என்று கேளுங்க. அவ சொல்வதை அப்படியே தமிழில் எழுதுங்க. ஆங்கிலம் நாளைக்கு.

மெடிக்கல் வேண்டாம். இல்லாத வருத்தத்துக்குத் துண்டு எடுப்பது பொய். எழுதின ஒரு பக்கத்தோடு விரிவுரையாளரிடம் நேரே போய், இவ்வளவுதான் முடிந்தது, இன்னும் ஒரு கிழமை தாங்க என்று கேளுங்க. மறுத்தால் இருப்பதைக் கொடுத்துவிட்டு வாங்க.