வாத்தியாரா, கிளார்க்கா? பல்கலைக்கழக அலுவலர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வேறு மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, துணைப் பதிவாளராக ஓய்வு பெற்றேன். இப்போது பிறந்த ஊரான சேலத்துக்கே வந்துவிட்டேன். சுற்றுவட்டாரக் கல்லூரி, பல்கலைக்கழக அலுவலகங்களில் வேலை செய்கிறவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டியில் என் வீட்டு மொட்டைமாடியில் கூடுகிறோம். போன முறை கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். பாதிக்குத்தான் நேரம் இருந்தது. விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கேள்வி (ஓமலூர், தேர்வுப் பிரிவு உதவியாளர்): மேடம், பெண் பார்க்கப் போன வீட்டில் "யுனிவர்சிட்டியில வேலையா, வாத்தியாரா?" என்று கேட்டார்கள். இல்லை, ஆபீஸ் என்றேன். "ஓ, கிளார்க்கா" என்று பேச்சை மாற்றிவிட்டார்கள். எட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். நான் யார் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

தம்பி, இந்தச் சீட்டைப் படித்துவிட்டு அன்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எனக்கும் அது நடந்திருக்கிறது, அதுவும் என் சொந்தக் கல்யாணத்திலேயே.

எங்கள் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இருந்தார். அங்கே கம்பி இழுப்பவர் வேறு, பற்றவைப்பவர் வேறு, மெருகு போடுபவர் வேறு. கடையில் கொலுசு வாங்குகிறவருக்கு இவர்களில் யாரையும் தெரியாது. ஆனால் பட்டறைக்குள் ஒவ்வொருவருக்கும் தன் வேலைக்கு ஒரு பெயர் இருந்தது, அதைச் சொல்லத் தயங்கியதே இல்லை. நமக்கு அந்தப் பெயர் இல்லாததுதான் குறை. ஆசிரியர் என்றால் ஒரு படம் மனதில் வருகிறது, மாணவர் என்றால் வருகிறது. நடுவில் இருக்கும் நமக்குப் படமே இல்லை. இது நம் ஊரில் மட்டும் இல்லை. பிரிட்டனில் பல்கலைக்கழக நிர்வாகிகள் 1961இலேயே தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொண்டார்கள். அங்கேயே 2008 வாக்கில்தான், கற்பித்தலுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் வேலை செய்கிறவர்களை "மூன்றாம் வெளி" என்று ஆய்வுகளில் பெயரிட்டுப் பேசத் தொடங்கினார்கள்.

அடுத்த முறை யாராவது கேட்டால் பதவிப் பெயரைச் சொல்லாதே, செய்வதைச் சொல். "பரீட்சை எழுதின பிள்ளைகளோட மார்க் சரியா ஏறி, பட்டம் அவங்க கைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிப் பார். பெண் வீட்டார் எழுந்து நின்று கும்பிட மாட்டார்கள். ஆனால் அடுத்த கேள்வி கேட்பார்கள்.

ஒரு பழைய விஷயமும் சொல்கிறேன். பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் வருவதற்கு முன்னால் நம் பக்கத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. சான்றிதழில் ஒரு சிக்கல் என்றால் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் சேப்பாக்கத்தில் அந்தப் பல்கலைக்கழக அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே "இன்னைக்கே முடிச்சுத் தர்றேன், உக்காருங்க" என்று ஒரு உதவியாளர் சொன்னால், ஒரு குடும்பத்துக்கு இரண்டாவது ரயில் டிக்கெட் மிச்சம். உன் மேஜையிலும் அந்த டிக்கெட் இருக்கிறது தம்பி.

கேள்வி (நாமக்கல், புதிதாகச் சேர்ந்தவர்): முதலில் எதைப் படிக்க வேண்டும்?

உன் பல்கலைக்கழகத்தின் சட்டத்தை. பெரும்பாலானவர்கள் பத்து வருடம் வேலை பார்த்தும் அதைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஆட்சிக்குழு எதை முடிவு செய்யலாம், கல்விக்குழு எதை முடிவு செய்யலாம், பதிவாளருக்கு எவ்வளவு அதிகாரம் என்று எல்லாம் அதில்தான் இருக்கிறது. கோப்பு எழுதும்போது "வழக்கமா இப்படித்தான் போடுவோம்" என்று மூத்தவர் சொன்னால், எந்தப் பிரிவின்படி என்று மரியாதையோடு கேள். அவருக்குத் தெரியாவிட்டால் நீயே தேடி எடுத்து அவரிடமும் காட்டு.

அப்புறம் துறைத் தேர்வு, அதாவது வேலையில் இருப்பவர்கள் எழுதும் தேர்வு. அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. உன் பணிவிதியில் கட்டாயமோ இல்லையோ, சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வை எழுத வழியிருந்தால் எழுது. அதில் புத்தகம் பார்த்து எழுத அனுமதி உண்டு என்பதால் சிலர் அதை லேசாக எண்ணுகிறார்கள். எனக்கு அது நேர்மாறாகப் பட்டது. விதி மனப்பாடமாக இருக்கிறதா என்று அந்தத் தேர்வு பார்ப்பதில்லை. ஆயிரம் விதிகளுக்கு நடுவில் இந்த விஷயத்துக்கு எது பொருந்தும் என்று உனக்குத் தேடத் தெரிகிறதா என்று பார்க்கிறது. அலுவலகத்தில் தினமும் செய்வது அதைத்தான்.

மூன்றாவதாக, உன் பிரிவின் மேல் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் எழுதப்பட்ட பழைய தணிக்கைத் தடைகளை, அதாவது கணக்கில் அவர்கள் கண்ட குறைகளை, வாங்கிப் படி. எங்கே வழுக்கும் என்று அதைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடப்புத்தகம் கிடையாது.

கேள்வி (தருமபுரி, பிரிவு அலுவலர்): பாடம் நடத்தாத நம்மைப் போன்றவர்கள் பதிவாளர் ஆக முடியுமா?

முடியும். பல்கலைக்கழக மானியக் குழுவின் தகுதிப்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். ஆசிரியப் பணி வழியாக வருவதற்கு ஒரு பாதை உண்டு. அதோடு, 15 ஆண்டு நிர்வாக அனுபவம், அதில் 8 ஆண்டு துணைப் பதிவாளர் அல்லது இணையான பதவி என்ற பாதையும் அதிலேயே எழுதியிருக்கிறது. துணைப் பதிவாளருக்கு, உதவிப் பதிவாளராக 5 ஆண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் தனித்தனி விதிகள் இருப்பதால் உங்கள் இடத்தில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் அந்த நாற்காலி அதிகமும் பேராசிரியர்களுக்கே போகிறது என்பதும் உண்மை. ஆனால் முதுகலையை முடிக்காமல் வைத்திருப்பவர்கள் அந்த வரிசையில் நிற்கக்கூட முடியாது. கல்வி நிர்வாகத்துக்கென்றே இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) முதுகலைப் பட்டயம் இருக்கிறது, வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம்.

கேள்வி: தகவல் அறியும் உரிமை மனு வந்தாலே பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

30 நாளைக்குள் பதில் போய்விட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை பொதுத் தகவல் அலுவலரின் சொந்தச் சம்பளத்தில்தான் கை வைப்பார்கள். கோப்பு ஒழுங்காக இருந்தால் பயத்துக்கு வேலையில்லை. அவ்வளவுதான்.

கேள்வி (ஆத்தூர்): எல்லாம் கணினிக்குப் போய்விட்டது. இன்னும் ஐந்து வருடத்தில் நாங்கள் தேவைப்படுவோமா?

புதுமைப் பெண் திட்டத்தை எடுத்துக்கொள். 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் நேராகப் போகிறது. எல்லாம் இணையத்தில்தான். ஆனால் ஆதாரில் ஒரு பெயர், மாற்றுச் சான்றிதழில் ஒரு பெயர், வங்கிக் கணக்கு தூங்கிக் கிடக்கிறது என்றால் பணம் நின்றுவிடும். பொருந்தவில்லை என்பதோடு கணினியின் வேலை முடிந்தது. அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் வீட்டிலிருந்து வருகிற பிள்ளையை உட்காரவைத்து, எந்த வங்கிக்கு எந்தத் தாளோடு போக வேண்டும் என்று சொல்வது யார்? தட்டச்சு மட்டும் தெரிந்தவருக்கு இடம் குறையும், அதை மறைக்க மாட்டேன். சிக்கலை அவிழ்க்கத் தெரிந்தவருக்கு வேலை கூடும்.

கேள்வி (பெயர் எழுதவில்லை): உங்கள் பணியில் இன்னும் வருத்தப்படும் தவறு எது?

வேலையில் சேர்ந்து ஆறாவது வருடம். ஒரு பையனுடைய பட்டத்தின் உண்மைத்தன்மையை உறுதிசெய்யக் கேட்டு, அவனுக்கு வேலை கொடுக்க இருந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பள்ளிச் சான்றிதழில் ஊரின் முதலெழுத்தும் அப்பா பெயரின் முதலெழுத்தும் இருந்தன. பட்டத்தில் ஒன்றுதான் இருந்தது. "பெயர் மாறுபடுகிறது, விளக்கம் கோரலாம்" என்று குறிப்பு எழுதிக் கோப்பை மேலே அனுப்பினேன். விதிப்படி சரி. கோப்பு மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போனது. அவனுடைய அப்பா மஞ்சள் பையோடு மூன்று முறை வந்தார். மூன்று முறையும் "கோப்பு நடவடிக்கையில் இருக்கு" என்றேன். சேர்க்கைப் பதிவேட்டைப் பக்கத்து அறையில் எடுத்துப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். அதில் இரண்டு முதலெழுத்தும் இருந்தன. நான் பார்க்கும்போது நான்கு மாதம் ஆகியிருந்தது, அந்த வேலை வேறு ஒருவருக்குப் போயிருந்தது.

அந்த அப்பா என்னைத் திட்டவில்லை. "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என் மேஜைக்கு வந்த ஒவ்வொரு கோப்பின் உள்பக்கத்திலும், இது யாருக்காக, அவர் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று பென்சிலில் எழுதிவைப்பேன். கடைசி நாள் வரைக்கும் அதை விடவில்லை.

கேள்வி (ஏற்காடு, தொகுப்பூதியப் பணியாளர்): அக்கா, தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கல்லூரிக்கு வருகிறேன். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்கான தரவு முழுவதும் நான்தான் திரட்டினேன். அறிக்கையில் என் பெயர் எங்கும் இல்லை. பயிற்சிக்கும் பேராசிரியர்களைத்தான் அனுப்புகிறார்கள். எனக்கு இதில் என்ன வளர்ச்சி?

கண்ணு, உன் பணி நிரந்தரமாகும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. நீ செய்த வேலைக்கு உன் பெயரைப் போடாதது நியாயமில்லை. அதை நீ முதல்வரிடம் நேரில் கேட்கலாம், கேட்க வேண்டும்.

பயிற்சிக்கு வழி நீ திரட்டிய தரவிலேயே இருக்கிறது. நாக் இதுவரை வைத்திருந்த ஏழு அளவுகோல்களில் ஆறாவது நிர்வாகம், தலைமை, மேலாண்மை பற்றியது. இதுவரை வந்த கையேடுகளில் அதன் கீழ், ஆசிரியரல்லாத பணியாளர்களுக்கு எத்தனை பயிற்சி நடந்தது, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் உங்கள் கல்லூரி என்ன எண் போட்டது என்று உனக்குத்தானே தெரியும்? அந்தப் பக்கத்தை நகலெடு. "இந்த எண்ணிக்கையைக் கூட்ட என்னை அனுப்புங்கள்" என்று ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, தரமேம்பாட்டுக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் வழியாகக் கொடு. நீ சலுகை கேட்பதாக அவர்கள் எண்ண மாட்டார்கள், கல்லூரிக்கும் மதிப்பெண் கூடுகிறதே.

இன்னொன்றும் உடனே செய்ய வேண்டும். எந்தத் துறையிலிருந்து எந்தத் தரவு, யாரைக் கேட்டு வாங்கினாய், எதில் பிழை வந்தது, எப்படிச் சரிசெய்தாய் என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுது. வேறு கல்லூரியில் நேர்முகத்துக்குப் போனால் சான்றிதழுக்கு அடுத்தபடி அதுதான் பேசும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது அந்த நோட்டையும் ஆறாவது அளவுகோல் பக்கத்தையும் கொண்டு வா. கடிதத்தைச் சேர்ந்தே எழுதுவோம். மலைக்குக் கடைசி பஸ் போவதற்குள் முடித்து அனுப்பிவிடுகிறேன்.