45 நாள் குட்டி, மூன்றாம் நாள் டிரிப்ஸ்

கேள்வி: நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்து ஈரோடு பக்கம் ஒரு பிரீடரிடம் 18,000 ரூபாய்க்கு லேப்ரடார் குட்டி வாங்கினோம். பணம் ஜிபேயில் போட்டேன். பில் தரவில்லை, தடுப்பூசி அட்டை மட்டும் கொடுத்தார். ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்த குட்டி செவ்வாய் ராத்திரி வாந்தி எடுத்தது, புதன் காலையில் ரத்தப் பேதி. டாக்டர் டெஸ்ட் செய்து பார்வோ (நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) என்றார். ஆறு நாள் டிரிப்ஸ், ஊசி என்று 16,500 ரூபாய் செலவாகி, குட்டி பிழைத்துவிட்டது. பிரீடரோ, "இங்கிருந்து நல்லாத் துள்ளிக்கிட்டுத்தானுங்கக்கா வந்துச்சு, உங்க வீட்ல வந்த நோவுக்கு நான் என்ன பண்றது? வேணும்னா இதைக் குடுத்துட்டு வேற குட்டி எடுத்துக்கோங்க" என்கிறார். விற்ற குட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம், பணமும் கிடையாது என்று வாட்ஸ்அப்பில் முதலிலேயே போட்டிருந்தார். கணவர் போலீசுக்குப் போகலாம் என்கிறார். எங்களுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் போலீஸ் ஸ்டேஷனுக்கு இப்போதைக்கு வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய தடுப்பூசி அட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மருந்து பாட்டிலிலிருந்து உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் பாதிதான் இருக்கிறது, பேட்ச் நம்பர் இருக்க வேண்டிய இடம் கிழிந்திருக்கிறது. டாக்டர் கையெழுத்து என்று ஒரு கிறுக்கல், பக்கத்தில் பதிவு எண்ணும் இல்லை, முத்திரையும் இல்லை. ஊசி போட்ட தேதி நீங்கள் வாங்கியதற்கு முந்தின நாள். பிறந்த தேதியில் ஒரு 3-ஐ யாரோ பேனாவால் 8 ஆக்கியிருக்கிறார்கள். இந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள், லேமினேட் செய்து தொலைக்காதீர்கள்.

அட்டையை விட முக்கியமானது அந்த விளம்பரம். "45 நாள் குட்டிகள் ரெடி" என்று அவரே எழுதியிருக்கிறார். நம் ஊரில் எல்லோரும் சொல்லும் கணக்குதான் இது, கேட்டால் 45 நாளில் தாயிடமிருந்து பிரிக்கலாம் என்பார்கள். ஆனால் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். நோயில்லாத, தடுப்பூசி போட்ட குட்டியைத்தான் விற்க வேண்டும், தொழிலாகச் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவும் செய்திருக்க வேண்டும். ஆக, குட்டிக்கு நோய் வந்ததோ வரவில்லையோ, விற்ற நாளிலேயே அவர் விதியை மீறிவிட்டார், அதற்கான சாட்சியை அவரே ஊருக்கெல்லாம் போஸ்ட் போட்டு வைத்திருக்கிறார். அதை இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், பக்கத்தின் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி. நோட்டீஸ் போனால் முதலில் காணாமல் போவது அந்த போஸ்ட்தான்.

இப்போது உங்கள் வழக்கின் அடிப்படை. கேட்கக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். சட்டத்தின் பார்வையில் உங்கள் குட்டி ஒரு பொருள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் என்றால் அசையும் சொத்து எதுவானாலும் அடக்கம், அதில் மிக்சியும் வரும், மாடும் வரும், நாய்க்குட்டியும் வரும். உங்கள் பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டாம். ஆனால் நமக்கு இது சாதகம், ஏனென்றால் பொருள் என்று ஆகிவிட்டால் குறைபாடுள்ள பொருளை விற்றவர் பதில் சொல்லியாக வேண்டும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து வாங்குவது வாங்குகிறவன் சாமர்த்தியம் என்பது பழைய வழக்கம். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமும் பொதுவாக அதைத்தான் சொல்கிறது, ஆனால் அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு விலக்கும் வைத்திருக்கிறது: அந்தத் தொழிலையே செய்கிறவரிடம், அவர் பேச்சை நம்பி வாங்கினால், வாங்கிய நோக்கத்துக்கு அது ஏற்றதாக இருக்க வேண்டும். குட்டியின் பல்லைப் பார்த்தாலும் குடலில் இருக்கும் வைரஸ் தெரியப் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் நாய் போட்ட குட்டியில் ஒன்றை ஐநூறு ரூபாய்க்குக் கொடுத்திருந்தால் நான் இவ்வளவு தைரியமாகப் பேச மாட்டேன், அவர் வியாபாரியே இல்லை என்று வாதம் வரும். உங்கள் ஆள் மாதாமாதம் விளம்பரம் போடுகிறவர்.

"திரும்ப எடுக்க மாட்டோம்" என்ற அந்த வரி பெரிய பூட்டு என்று நினைக்காதீர்கள். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பணம் தர மறுப்பதும், பில் கொடுக்காததும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகச் செயல்கள். ஆனால் ஒரு சின்ன எச்சரிக்கை. "இது நியாயமற்ற ஒப்பந்தம்" என்று மனுவில் எழுதிவிடாதீர்கள், அந்த வார்த்தையைப் பிடித்தால் இது மாவட்டத்தில் அல்ல, மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டிய வழக்கு என்று கிளப்புவார்கள், வீணாக சென்னைக்கு அலைய வேண்டி வரும். குறைபாடு, முறையற்ற வணிகம், அவ்வளவு போதும்.

எதிர்த்தரப்பு உயிரைக் கொடுத்து வாதாடப் போவது ஒரே விஷயத்தில்தான்: நோய் எங்கே ஒட்டியது? பார்வோ வைரஸ் உடம்புக்குள் போய் அறிகுறி தெரியப் பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம் கூட. உங்கள் குட்டிக்கு ஞாயிறு சாயங்காலத்திலிருந்து செவ்வாய் ராத்திரி, இரண்டே நாள். அதாவது அது உங்கள் வீட்டு வாசலை மிதிக்கும்போதே நோயோடுதான் வந்திருக்க வேண்டும். இதே வாந்தி பன்னிரண்டாம் நாள் வந்திருந்தால் நானே உங்களைச் சமாதானமாகப் போகச் சொல்லியிருப்பேன். இந்தக் கணக்கை நான் சொன்னால் செல்லாது, குட்டியைப் பார்த்த கால்நடை மருத்துவர் தன் லெட்டர்ஹெட்டில் எழுதித் தர வேண்டும்: எந்தத் தேதி எந்த நிலையில் கொண்டு வந்தார்கள், என்ன டெஸ்ட், எப்போது தொற்றியிருக்கலாம். பிறகு அதையே பிரமாணப் பத்திரமாகவும் தரச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். சிலர் கோர்ட் என்றாலே ஒதுங்குவார்கள், பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

அவர்கள் பக்கம் விவரமான வக்கீல் இருந்தால் இன்னொன்றும் கேட்பார். முந்தின நாள் போட்ட தடுப்பூசியாலேயே டாக்டர் மலத்தை வைத்துச் செய்த கிட் டெஸ்டில் பாசிட்டிவ் கோடு விழுந்திருக்கலாமே என்று. பார்வோ தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ், அதனால் போட்ட சில நாளில் மலத்தில் லேசான பாசிட்டிவ் காட்டுவது நடக்கக்கூடியதுதான். ஆனால் தடுப்பூசி ரத்தப் பேதியைக் கொண்டுவராது, வெள்ளை அணுக்களை அப்படிச் சரித்துவிடவும் செய்யாது. உங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வெள்ளை அணுக்கள் 2,000-க்கும் கீழே இருக்கிறது, கிட் படத்தை விட அந்தத் தாள்தான் நமக்குப் பெரிய பலம். அதே ஈற்றில் மற்ற குட்டிகளை வாங்கியவர்களையும் தேடிப் பாருங்கள். அவர் பக்கத்தில் கமென்ட் போட்டவர்களில் ஒருவராவது கிடைப்பார். இன்னொரு குட்டிக்கும் பார்வோ வந்தது என்று தெரிந்தால் பாதி வழக்கு முடிந்தது.

உங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய் ராத்திரி வாந்தி எடுத்ததும் தயிர் சாதம் கொடுத்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காதீர்கள். ஒரு ராத்திரி தாமதத்தால் வழக்கு விழாது, மறைத்து மாட்டினால் விழும். அப்புறம் அவருக்கு அனுப்பிய "உன்னை சும்மா விடமாட்டேன்" மெசேஜ். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக்கில் அவர் போட்டோவைப் போட்டு "மோசடிக்காரன்" என்று எழுதும் ஆசையையும் அடக்குங்கள், அவதூறு என்று அவர் பக்கம் ஒரு கேஸ் உருவாகும்.

போலீஸ் ஏன் வேண்டாம் என்றால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவில் ஏமாற்றுதல் குற்றம் உண்டு, ஆனால் விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். ஸ்டேஷனில் "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்கம்மா" என்று சொல்லி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு விதிவிலக்கு அந்த அட்டை. அதில் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லப்படும் டாக்டர் யார் என்று பிரீடரிடம் சாதாரணமாகக் கேட்டு வாங்குங்கள். அந்த டாக்டர் "நான் அந்தக் குட்டியைப் பார்த்ததே இல்லை" என்றால் விஷயம் போலி ஆவணம் என்று மாறும், அப்போது உங்கள் கணவர் சொல்வதுதான் சரி.

சரி, என்ன கேட்பது? இங்கேதான் பலர் தப்புப் பண்ணுகிறார்கள். ஐந்து லட்சம் மன உளைச்சல் என்று எழுதினால் ஆணையத்தில் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும். குட்டியையும் வைத்துக்கொண்டு 18,000-ஐயும் முழுதாகத் திருப்பிக் கேட்டாலும் பேராசையாகத் தெரியும், விலையைத் திரும்பக் கேட்டால் பொருளைத் திரும்பக் கொடுக்கத் தயாரா என்றுதான் அடுத்த கேள்வி வரும். குட்டியைக் கொடுக்க உங்களுக்கு மனமில்லை என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆகவே மருத்துவச் செலவு 16,500-ஐ வட்டியோடு கேளுங்கள், அதோடு 15,000, 20,000 வரை இழப்பீடு, வழக்குச் செலவு. டாக்டர் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்த கணக்குகளை கிளினிக் பெயரோடு ரசீதாக மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நோட்டீஸ், ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு, 15 நாள் கெடு. என் அனுபவத்தில் இந்த மாதிரி ஆட்களில் பலர் அதோடு போன் செய்வார்கள். பேசி முடிந்தால் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி, பணத்தை அக்கவுன்ட்டில் வாங்குங்கள். வராவிட்டால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், ஈரோட்டுக்குப் போக வேண்டாம், 2019 சட்டம் வந்த பிறகு வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பில் ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும் என்று நினைத்துக்கொண்டே இறங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் ஒரு புகாரைப் பதிந்து வையுங்கள், காசு செலவில்லை. பதிவில்லாமல் தொழில் செய்கிறாரா என்று விசாரிக்கச் சொல்லி மாநில விலங்குகள் நல வாரியத்துக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள், உங்கள் பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் அந்தக் கடிதத்தின் நகலைப் பார்த்தால் அவர் குரல் இறங்கும்.

"வேற குட்டி எடுத்துக்கோங்க" என்பதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். அது அதே இடத்திலிருந்து வரும். உங்கள் வீட்டுத் தரையிலும் மண்ணிலும் வைரஸ் மாதக்கணக்கில் இருக்கும், டாக்டர் சொல்லும் அளவில் பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கழுவாமல் இன்னொரு சின்னக் குட்டி அந்த வீட்டுக்குள் வரவே கூடாது.

கடைசியாக, அடுத்த மாதம் போன் மாற்றப் போவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரம், ஜிபே ரசீது எல்லாம் அதில் இருக்கிறது, அவற்றைச் சாட்சியாக வைக்கும்போது இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் ஒன்று கொடுக்க நேரும், அப்போது அந்தப் போன் உங்கள் கையில் இருக்க வேண்டும். புதுசு வாங்கினாலும் பழையதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.